மூட்டை அரிப்பது எது? முடக்குவாதத்தில் தன்னெதிர்ப்பொருள்களின் பங்கு

முடக்குவாதம், சரவாங்கி, ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று எந்தப் பெயரால் அழைத்தாலும் நோயின் போக்கு ஒன்றுதான். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. மணிக்கட்டும் விரல் கணுக்களும் இரு கைகளிலும் ஒரேபோல வீங்கும். சிகிச்சை தாமதப்பட்டால் குருத்தெலும்பு கரைந்து, எலும்பின் ஓரம் அரிக்கப்பட்டு, விரல்கள் கோணிப்போகும். உலக மக்களில் ஏறத்தாழ 0.5 முதல் 1 சதவீதம் பேரை இந்த நோய் பிடிக்கிறது. பெண்களிடம் இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

இந்த நோயாளிகளில் பெரும்பாலோரின் இரத்தத்தில், தம் உடலின் புரதங்களையே குறிவைக்கும் ஆன்டிபாடிகள், அதாவது தன்னெதிர்ப்பொருள்கள், காணப்படுகின்றன. அவைதாம் மூட்டைக் கெடுக்கின்றனவா? அல்லது மூட்டை வேறு ஏதோ கெடுக்கும்போது அதன் அடையாளமாக மட்டும் இரத்தத்தில் தோன்றுகின்றனவா? 80 ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்விக்கு விடைகள் மாறி மாறி வந்துள்ளன. அந்த விடைகளை வரிசையாகப் படிக்கும்போது ஒரு குறை மீண்டும் மீண்டும் கண்ணில் படுகிறது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் இரத்தத்தில் அளக்கிறார்கள். முடிவை மூட்டைப் பற்றிச் சொல்கிறார்கள். இந்த இரண்டும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டதால் விளைந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

வோலர் கண்ட காரணி

1940இல் நார்வே நாட்டு மருத்துவர் எரிக் வோலர் ஒரு விந்தையைப் பதிவு செய்தார். முயலின் எதிர்ப்பொருள் பூசப்பட்ட செம்மறியாட்டுச் சிவப்பணுக்களோடு முடக்குவாத நோயாளி ஒருவரின் சீரத்தைக் கலந்தபோது அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. 1948இல் அமெரிக்காவில் ஹாரி ரோஸும் அவருடைய சகாக்களும் தனியாக இதையே கண்டார்கள். சீரத்தில் இருந்த அந்தப் பொருளுக்கு ‘ருமட்டாய்டு ஃபேக்டர்’ என்ற பெயர் நிலைத்தது. 1956இல் சிங்கரும் பிளாட்ஸும் ஆட்டு அணுக்களுக்குப் பதிலாக லேடெக்ஸ் துகள்களைப் பயன்படுத்தும் சோதனையைக் கொண்டுவந்தார்கள். நம் ஊர்ச் சிறு பரிசோதனைக் கூடங்களில் ‘ஆர்.ஏ. ஃபேக்டர்’ என்று எழுதிக் கொடுக்கும் சோதனைக்கு மூலம் இதுதான்.

1957இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஹென்றி குங்கலின் குழுவினர் அந்தக் காரணியின் தன்மையைத் தெளிவாக்கினார்கள். அது ஐ.ஜி.எம். வகையைச் சேர்ந்த ஒரு பெரிய எதிர்ப்பொருள். அது பற்றிக்கொள்வது உடலின் இன்னோர் எதிர்ப்பொருளான ஐ.ஜி.ஜி.யை. எதிர்ப்பொருளுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் என்பது அன்றைய மருத்துவ உலகத்தைத் திகைக்க வைத்தது. தன்னெதிர்ப்பு நோய் என்ற கருத்து வேரூன்றிய அந்தக் காலத்தில், காரணமும் கையில் கிடைத்துவிட்டதாகவே பலர் நினைத்தார்கள்.

அந்த நம்பிக்கையை அசைத்த சோதனைகளும் அப்போதே வந்தன. 1957இல் ராபர்ட் குட் குழுவினர், எதிர்ப்பொருள்களை உருவாக்க முடியாத பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் முடக்குவாதத்தைப் போன்ற மூட்டழற்சி வருவதைப் பதிவு செய்தார்கள். 1961இல் ஹாரிஸ், வாகன் இருவரும் காரணி மிகுந்த பிளாஸ்மாவை, அந்த நோய் இல்லாதவர்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். மூட்டுகள் வீங்கவில்லை. காரணி இருந்தால் நோய் வந்தே தீரும் என்ற வாதம் அத்தோடு வலுவிழந்தது.

ஆனால் 1965இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜோசப் ஹாலண்டரின் குழு செய்த சோதனை எதிர்த்திசையில் பேசியது. நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்து ஐ.ஜி.ஜி.யைப் பிரித்தெடுத்து, அவருடைய வீக்கமில்லாத மூட்டுக்குள் ஊசி வழியாகச் செலுத்தினார்கள். மூட்டு வீங்கி அழன்றது. நோயற்றவர்களின் ஐ.ஜி.ஜி. அவ்வாறு செய்யவில்லை. இன்றைய அறநெறிக் குழு எதுவும் அனுமதித்திருக்காத இந்தச் சோதனையின் பாடம் முக்கியமானது. இரத்த நாளம் வழியாக ஏற்றியபோது எதுவும் நடக்கவில்லை. மூட்டுக்குள் நேராகச் செலுத்தியபோது நடந்தது. வேறுபட்ட நோயாளிகளிடம் வேறுபட்ட பொருளைக் கொண்டு செய்த இரண்டு சோதனைகளை ஒட்டுப்போட்டு ஒரு விதி சொல்ல முடியாது. ஆனாலும் எதிர்ப்பொருள் இருக்கும் இடத்தைப் பொறுத்து அதன் விளைவு மாறக்கூடும் என்ற கேள்வியை அவை அப்போதே எழுப்பிவிட்டன. அது அடுத்த பல பத்தாண்டுகளுக்கு ஏறத்தாழ மறக்கப்பட்டது என்பது வருத்தத்துக்குரியது.

முற்றிலும் மறந்துவிட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. நேதன் ஸ்வைஃப்லர் 1973இல் முன்வைத்த கோட்பாடு மூட்டையே மையமாக வைத்தது. மூட்டுத் திரவத்தில் நோய்த்தடுப்பு முறையைச் சேர்ந்த காம்ப்ளிமென்ட் புரதங்களின் அளவு குறைந்திருப்பதை அவரும் பீகினும் 1964இலேயே காட்டியிருந்தார்கள். எதிர்ப்பொருள்கள் திரண்டு கூட்டுத்திரள்களாகும்போது அந்தப் புரதங்கள் செலவழியும். திரள்களை விழுங்க வரும் நியூட்ரோபில் அணுக்கள் தம்மிடமுள்ள நொதிகளைக் கொட்டும்; குருத்தெலும்பு கரையும். படிப்படியாக விளங்கக்கூடிய விளக்கம் இது. அதன் பலவீனமும் உடனே தெரிந்தது. மூட்டுத் திரவத்தில் மிதக்கும் அணுக்களைச் சொன்ன அளவுக்கு, எலும்பின் மீது படர்ந்து அரிக்கும் தடித்த மூட்டுறைச் சவ்வை அதனால் விளக்க முடியவில்லை. 1980களில் டி செல்கள் ஆய்வின் மையத்துக்கு வந்தன. அடுத்து டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதம் வந்தது. லண்டனில் ஃபெல்ட்மனும் மைனியும் அதைத் தடுத்து நோயாளிகளை எழுந்து நடக்க வைத்தபோது, எதிர்ப்பொருள்களைப் பற்றிக் கேட்பவர்கள் குறைந்தார்கள்.

கன்னத்தின் உட்புறத்திலிருந்து வந்த துப்பு

எதிர்ப்பொருள்கள் மீண்டும் பேசுபொருளானது எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து. 1964இல் நெதர்லாந்தில் நீன்ஹவுஸும் மண்டமாவும், முடக்குவாத நோயாளிகளின் சீரத்தில் உள்ள ஏதோ ஒன்று கன்னத்தின் உட்புறச் செல்களில் உட்கருவைச் சுற்றியுள்ள துகள்களில் ஒட்டுவதைக் கண்டிருந்தார்கள். 1979இல் எலியின் உணவுக்குழாய்த் திசுவிலும் அதைப் போன்ற ஒன்று தென்பட்டது. சோதனைகள் துல்லியமாக இருந்தாலும் செய்வது கடினம். தகுந்த கன்னச் செல்களைத் தருபவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிரான்சின் துலூஸ் நகரில் கி செர் குழுவினர் 1990களின் தொடக்கத்தில், குறி ஃபிலாக்ரின் என்ற தோல் புரதம்தான் என்று காட்டினார்கள்.

இங்கே ஒரு முரண். ஃபிலாக்ரின் மூட்டில் இல்லை. மூட்டை வாட்டும் நோயின் எதிர்ப்பொருள், தோலிலும் வாயிலும் உள்ள ஒரு புரதத்தை ஏன் பிடிக்க வேண்டும்? 1998இல் நைமேகனில் ஸ்கெல்லெக்கன்ஸ், வான் வென்ராய் குழுவினர் விடை சொன்னார்கள். எதிர்ப்பொருள் தேடுவது ஒரு குறிப்பிட்ட புரதத்தை அல்ல; புரதங்களில் ஏற்படும் ஒரு வேதி மாற்றத்தை. ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தை பி.ஏ.டி. நொதிகள் சிட்ருலினாக மாற்றுகின்றன. மாறும்போது அதன் நேர்மின்னூட்டம் போய்விடுகிறது. புரதத்தின் மடிப்பும் தளர்கிறது. இந்த மாற்றம் அடைந்த எந்தப் புரதத்தையும் அந்த எதிர்ப்பொருள்கள் அடையாளம் காணக்கூடும். வளையமாக்கிய சிட்ருலின் பெப்டைடுகளைக் கொண்டு வந்த ‘ஆன்டி சி.சி.பி.’ சோதனை 2000க்குப் பிறகு உலகெங்கும் பரவியது.

2007இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின்படி, இந்தச் சோதனை நோயுள்ளவர்களில் 67 சதவீதத்தினரைக் கண்டுபிடிக்கிறது. நோயில்லாதவர்களில் 95 சதவீதத்தினரைச் சரியாக விலக்குகிறது. பழைய ருமட்டாய்டு ஃபேக்டருக்கு இவை 69, 85 சதவீதம். இந்த வேறுபாடு நடைமுறையில் பெரியது. காசநோய், தொழுநோய், ஹெபடைடிஸ் சி, நாட்பட்ட இதயவால்வுத் தொற்று ஆகியவற்றிலும், நோயே இல்லாத முதியவர்கள் பலரிடமும் ஃபேக்டர் தென்படும். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் ‘ஆர்.ஏ. பாசிட்டிவ்’ என்ற ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு முடக்குவாதம் என்று முடிவுகட்டுவது சரியல்ல. ஆன்டி சி.சி.பி. சோதனைகூடக் காசநோயில் சில சமயம் பொய்யாக நேர்மறை காட்டுவதுண்டு.

மூட்டில் சிட்ருலின் உண்டா? உண்டு. மூட்டுறைச் சவ்வில் படியும் ஃபைப்ரின், விமென்டின், ஈனோலேஸ், குருத்தெலும்பின் இரண்டாம் வகைக் கொலாஜென் எல்லாம் அங்கே சிட்ருலின் ஏறிக் கிடக்கின்றன. ஆனால் வான் வென்ராய் குழுவே 2004இல் ஒரு திருத்தத்தைச் சேர்த்தது. வேறு காரணங்களால் அழன்ற மூட்டுகளிலும் சிட்ருலின் புரதங்கள் இருக்கின்றன. அழற்சி எங்கே இருந்தாலும் இந்த மாற்றம் நடக்கும். அதற்கு எதிராக எதிர்ப்பொருள் உண்டாவதுதான் முடக்குவாதத்துக்கே உரியது. ஆகவே குறிப்பொருள் மூட்டில் இருப்பது மட்டும் எதையும் விளக்கிவிடாது.

சிட்ருலினுக்குப் பிறகு மற்றவையும் வந்தன. லைசின் ஹோமோசிட்ருலினாக மாறிய புரதங்களுக்கு எதிரானவை 2011இல் லைடனில் விவரிக்கப்பட்டன. அசெட்டைல் ஏறிய புரதங்களுக்கு எதிரானவையும் உண்டு. இவை ஒன்றையொன்று ஒத்து, பல சமயம் ஒரே எதிர்ப்பொருளே பல மாற்றங்களையும் பிடிக்கிறது. பட்டியல் நீண்ட அளவுக்கு விளக்கம் ஆழமாகவில்லை என்பதே என் எண்ணம்.

மூட்டுக்கு முன்பே

1991இல் ஃபின்லாந்தில் ஃபேக்டருக்கும், 2003இல் வடக்கு ஸ்வீடனில் ஆன்டி சி.சி.பி.க்கும் காட்டப்பட்ட ஓர் உண்மை இந்தத் துறையின் பார்வையையே திருப்பியது. நோயாளிகள் முன்னொரு காலத்தில் கொடுத்து உறைநிலையில் வைக்கப்பட்டிருந்த இரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, மூட்டு வீங்குவதற்கு ஆண்டுகளுக்கு முன்பே அந்த எதிர்ப்பொருள்கள் அங்கே இருந்தன. 2004இல் டச்சு இரத்ததானிகளிடம் செய்த ஆய்வில், பின்னாளில் நோய்ப்பட்ட 79 பேரில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் முன்கூட்டியே ஏதேனும் ஒன்று தென்பட்டது. இடைவெளியின் நடுமதிப்பு 4.5 ஆண்டு, சிலரிடம் அது 13 ஆண்டையும் தாண்டியது.

மூட்டில் தொடங்காத எதிர்ப்பொருள் எங்கே தொடங்குகிறது? நுரையீரல், ஈறு, குடல் என மூன்று இடங்களைச் சொல்கிறார்கள். மூன்றில் நுரையீரலுக்கான சான்றே வலுவானது. எச்.எல்.ஏ. டி.ஆர்.பி.1 மரபணுவின் சில வடிவங்களுக்குப் பொதுவான ஒரு சிறு அமினோ அமில வரிசை நோய்க்கு வழிகோலுகிறது என்று பீட்டர் கிரெகர்சன் 1987இல் சொன்னார். 2006இல் ஸ்டாக்ஹோமில் லார்ஸ் கிளாரஸ்காக் குழுவினர், அந்த மரபணு வடிவத்தின் இரு பிரதிகளும் புகைப்பழக்கமும் சேர்ந்தால் ஆன்டி சி.சி.பி. உள்ள முடக்குவாதத்தின் ஆபத்து, இரண்டும் இல்லாதவர்களைவிட 21 மடங்கு ஆகிறது என்றார்கள். புகைப்பவர்களின் நுரையீரல் கழுவுநீரிலுள்ள செல்களில் சிட்ருலின் இருப்பதையும் காட்டினார்கள். எதிர்ப்பொருள் இல்லாத முடக்குவாதத்தோடு இந்த மரபணுவுக்கும் புகைக்கும் அத்தகைய தொடர்பு தென்படவில்லை.

ஈறுநோய்க் கருத்து கவர்ச்சியானது. போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற ஈறுப் பாக்டீரியாவிடம் சிட்ருலினாக்கும் சொந்த நொதி உண்டு. 2016இல் இன்னொரு வாய்ப் பாக்டீரியாவின் நச்சு, நியூட்ரோபில்களின் உள்ளே அளவுகடந்த சிட்ருலினாக்கத்தைத் தூண்டுவதும் தெரியவந்தது. ஆனால் ஈறுநோய் மிகப் பரவலான ஒன்று, முடக்குவாதம் அரிதானது. புகைப்பழக்கம் இரண்டுக்கும் பொதுக் காரணமாக நின்று கணக்கைக் குழப்புகிறது. குடல் பாக்டீரியாக்களைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் இளம் நிலையிலேயே உள்ளன.

எதிர்ப்பொருளைக் காரணமாகச் சொல்லும் தரப்புக்கு உள்ள பெரிய சங்கடம் வேறு. எதிர்ப்பொருள் உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை. அது பத்தாண்டுக் காலம் இரத்தத்தில் சுற்றினாலும் மூட்டு அமைதியாக இருக்கலாம். அந்தக் காலத்தில் இடைவிடாமல் மாறிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். நோய் நெருங்கும்போது எதிர்ப்பொருளின் அளவு கூடுகிறது. அது பிடிக்கும் குறிகளின் எண்ணிக்கை விரிகிறது. அதன் மீதுள்ள சர்க்கரைச் சங்கிலிகளும் மாறுகின்றன. ஐ.ஜி.ஜி.யின் தண்டுப் பகுதியில் கேலக்டோஸ் குறைந்திருப்பது முடக்குவாதத்தில் 1985இலேயே காட்டப்பட்டது. கேலக்டோஸ் குறைந்த எதிர்ப்பொருள் அழற்சியைத் தூண்டுவதில் வல்லது. கருவுற்ற காலத்தில் நோய் தணிவதும், பிரசவத்துக்குப் பின் மீண்டும் கிளம்புவதும் மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. கேலக்டோஸும் அதே காலத்தில் கூடிக் குறைகிறது. இன்னொரு மாற்றம் எதிர்ப்பொருளின் பிடிக்கும் முனையில் நிகழ்கிறது. சிட்ருலின் எதிர்ப்பொருள்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அங்கே கூடுதல் சர்க்கரை ஏறியிருப்பதை லைடன் குழு கண்டது, சாதாரண ஐ.ஜி.ஜி.யில் இது சிறுபான்மையே. இந்தச் சர்க்கரை நோயின் வருகையை முன்கூட்டிச் சொல்ல உதவுகிறது. மூட்டில் அது என்ன செய்கிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை.

மூட்டுக்குள் நடப்பவை

மூட்டின் ஓரத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். குருத்தெலும்பு முடியும் இடத்துக்கும் மூட்டுறை எலும்பில் ஒட்டும் இடத்துக்கும் நடுவே ஒரு குறுகிய பட்டை உண்டு. அங்கே எலும்பின் மேல் குருத்தெலும்புக் கவசம் கிடையாது; மூட்டுறைச் சவ்வு நேராக எலும்பைத் தொடுகிறது. எக்ஸ்ரேயில் முதல் அரிப்பு பெரும்பாலும் அங்கேதான் தெரியும். அரிப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் எலும்பரிப்புச் செல்கள்.

2012இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரக் குழு, சிட்ருலின் விமென்டினைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் நேராகவே இந்தச் செல்களை உருவாக்கத் தூண்டுவதாகக் காட்டியது. இந்தச் செல்கள் வளரும்போது தாமே சிட்ருலின் புரதங்களை மேற்பரப்பில் தாங்குகின்றன. ஆகவே எதிர்ப்பொருள் அவற்றின் மீது அமர முடியும். 2014இல் அதே நகரத்தில், எதிர்ப்பொருள் உண்டு ஆனால் மூட்டழற்சி இல்லை என்ற நிலையில் உள்ளவர்களின் கையெலும்பை நுண்ணிய சி.டி. ஸ்கேனில் பார்த்தார்கள். வீக்கம் வருமுன்பே எலும்பு மெலியத் தொடங்கியிருந்தது. எதிர்ப்பொருள் அழற்சியைச் சாராமலே எலும்பைத் தின்கிறது என்ற கருத்து ஓங்கியது. எலிகளில் இவை இன்டர்லூக்கின்-8 வழியாக வலியைத் தூண்டுவதாகவும் ஆய்வுகள் வந்தன.

பிறகு ஒரு கடுமையான திருத்தம் நேர்ந்தது. இந்த ஆய்வுகள் சிலவற்றில் பயன்பட்ட, எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்களை நோயாளிகளிடமிருந்து எடுத்துப் படியெடுத்த ஒற்றை எதிர்ப்பொருள்கள் சில, உண்மையில் சிட்ருலினைப் பிடிப்பவை அல்ல என்று 2018, 2019 வாக்கில் தெரியவந்தது. அவற்றை உருவாக்கிய குழுவினரே திருத்தத்தை வெளியிட்டார்கள். அத்தோடு நேரடி எலும்பரிப்புக் கோட்பாடு இடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்; நோயாளிகளின் சீரத்திலிருந்து பிரித்த கலப்பு எதிர்ப்பொருள்களைக் கொண்டு செய்த சோதனைகள் நிற்கின்றன. ஆனால் நிரூபணமானது என்று பாடப்புத்தகங்கள் எழுதும் தொனி சரியல்ல. பின்னாளில் சரிபார்த்துப் படியெடுத்தவற்றில் சில எலிகளின் மூட்டழற்சியைத் தணிக்கவும் செய்கின்றன. சிட்ருலின் எதிர்ப்பொருள் என்ற ஒரே பெயருக்குள் தீயவை, தீங்கற்றவை, ஒருவேளை காப்பவை என எல்லாம் கலந்து கிடக்கலாம்.

இரண்டாவது வழி கூட்டுத்திரள் வழி. ஸ்வைஃப்லரின் பழைய கருத்து இங்கே புது உருவில் திரும்புகிறது. சிட்ருலின் ஃபைப்ரினும் எதிர்ப்பொருளும் சேர்ந்த திரள், பெருவிழுங்கணுக்களைத் தூண்டி டி.என்.எஃப். சுரக்க வைக்கிறது. அந்தத் திரளின் மேல் ருமட்டாய்டு ஃபேக்டர் ஏறிக்கொண்டால் சுரப்பு பன்மடங்காகிறது. தனியாகச் செயலற்றதாகத் தோன்றிய பழைய ஃபேக்டருக்கு, பெருக்குபவன் என்ற பொருத்தமான வேலை இதில் கிடைக்கிறது. இரண்டும் உள்ளவர்களுக்கு நோய் கடுமையாக இருப்பதும் இதோடு பொருந்துகிறது.

மூன்றாவது செய்தி மூட்டே எதிர்ப்பொருளை உற்பத்தி செய்வது. சில நோயாளிகளின் மூட்டுறைச் சவ்வில் நிணநீர்க்கணுவை ஒத்த பி செல் குவியல்கள் அமைகின்றன. 2009இல் லண்டனில் அத்தகைய சவ்வுத் துண்டுகளை, நோய்த்தடுப்பு ஆற்றலற்ற எலிகளின் தோலுக்கடியில் பதித்தார்கள். வாரக்கணக்கில், நோயாளியின் உடலோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், அந்தத் துண்டு சிட்ருலின் எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருந்தது. மூட்டுத் திரவத்திலிருந்து எடுத்த பி செல்களும் தூண்டல் இல்லாமலே அதைச் சுரக்கின்றன. இந்த உள்ளூர் உற்பத்தியை இரத்தச் சோதனை ஓரளவுக்கு மேல் காட்டாது.

ஏன் மூட்டு மட்டும்?

தாயின் ஐ.ஜி.ஜி. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்லும். மயஸ்தீனியா கிராவிஸ் உள்ள தாயின் குழந்தைக்குச் சில வாரம் தசைத் தளர்ச்சி வரலாம். ஆன்டி ரோ எதிர்ப்பொருள் குழந்தையின் இதயத்தில் மின்கடத்தலையே தடுக்கலாம். முடக்குவாதத் தாயின் குழந்தைக்கு மூட்டழற்சி வருவதில்லை. எதிர்ப்பொருள் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட எளிய மனிதச் சான்று இல்லை.

எலிகளில் நிலைமை வேறு. 1996இல் ஸ்ட்ராஸ்பர்கில் கே.பி.என். எலி வகை உருவானது. அதன் சீரத்தை இயல்பான எலிக்கு ஏற்றினாலே போதும், சில நாட்களில் மூட்டுகள் வீங்கும். குறியோ உடலெங்கும் உள்ள ஒரு சாதாரண நொதி, குளுக்கோஸ் பாஸ்பேட் ஐசோமரேஸ். எங்கும் உள்ள நொதிக்கு எதிரான எதிர்ப்பொருள் மூட்டை மட்டும் ஏன் தாக்குகிறது? மத்திஸ், பெனுவா குழுவினரின் விடையில் இரண்டு பகுதிகள். அந்த நொதி குருத்தெலும்பின் மேற்பரப்பில் படிந்து கிடக்கிறது. மற்ற இடங்களில் செல்கள் காம்ப்ளிமென்ட் தாக்குதலை நிறுத்தும் புரதங்களைத் தம் மேற்பரப்பில் தாங்கும். செல்லற்ற குருத்தெலும்புப் பரப்பில் அவை கிடையாது. எனவே தாக்குதல் தடையின்றி நீள்கிறது. மூட்டின் நுண்குழாய்கள் எளிதில் கசிவதும் உதவுகிறது.

இந்த எலி நம்மை நெடுந்தூரம் அழைத்துச் சென்றது. பிறகு பாதி வழியில் விட்டுவிட்டது. மனித நோயாளிகளிடமும் அதே நொதிக்கு எதிரான எதிர்ப்பொருள் மிகுதி என்று 2001இல் வந்த அறிக்கையைப் பிற ஆய்வகங்கள் உறுதிப்படுத்தவில்லை. சீரம் ஏற்றிய எலியின் நோய் தானே அடங்கிவிடும். மனிதரின் நோய் அடங்குவதில்லை. ஆயினும் எதிர்ப்பொருள் எதைக் குறிவைக்கிறது என்பதைவிட மூட்டின் அமைப்பே இடத்தைத் தீர்மானிக்கலாம் என்ற பாடம் நிலைக்கிறது. இயக்கத்தால் மூட்டில் விழும் அழுத்தம் அழற்சியின் இடத்தைத் தீர்மானிப்பதாக 2018இலும், மூட்டின் உட்புறத்தில் வேலி போல் நிற்கும் ஒரு வகைப் பெருவிழுங்கணு கலையும்போது அழற்சி நுழைவதாக 2019இலும் எலி ஆய்வுகள் வந்தன. இந்த வரிசை ஆய்வுகளே எனக்கு மிகுந்த நம்பிக்கை தருபவை.

நீக்கிப் பார்த்தால்

எதிர்ப்பொருள்தான் காரணம் என்றால் அதை நீக்கினால் நோய் தணிய வேண்டும். பலமுறை முயன்றிருக்கிறார்கள். பிளாஸ்மாவைச் சுத்திகரித்துத் திருப்பிச் செலுத்தும் முறையை 1983இல் இரட்டை மறைப்புச் சோதனையில் பார்த்தார்கள். இரத்த அளவீடுகள் மாறின, நோயாளிக்குப் பலன் தெரியவில்லை. ஐ.ஜி.ஜி.யைப் பிடித்து நீக்கும் புரோசார்பா வடிகட்டி 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பலன் சிலருக்கே கிடைத்தது, அதுவும் நிலைபெறவில்லை. பிளாஸ்மா செல்களின் வளர்ச்சிக் காரணிகளைத் தடுத்த அடாசிசெப்ட் மருந்து, 2011இல் வெளியான சோதனைகளில் எதிர்ப்பொருள்களையும் ருமட்டாய்டு ஃபேக்டரையும் குறைத்தது; மூட்டு நோயைப் போதிய அளவு தணிக்கவில்லை. ஐ.ஜி.ஜி.யின் ஆயுளைக் குறைக்கும் நிபோகாலிமாப் 53 பேரிடம் நடந்த சோதனையில் முதன்மை இலக்கை எட்டவில்லை.

இத்தனைக்கும் நடுவே ரிட்டுக்சிமாப் வென்றது. பி செல்களை அழிக்கும் இந்த மருந்தை, அவையே தம்மைத் தாமே தூண்டிக்கொண்டு நோயை நீடிக்கச் செய்கின்றன என்ற கருத்தின் அடிப்படையில் லண்டனில் ஜோனதன் எட்வர்ட்ஸ் முயன்றார். 2004இல் வெளியான சோதனை அதை நிறுவியது. எதிர்ப்பொருள் உள்ளவர்களிடமே அது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களை அது நேராகத் தொடுவதில்லை; இரத்தத்தில் சிட்ருலின் எதிர்ப்பொருள் மிதமாகவே குறைகிறது. அப்படியானால் பலன் எங்கிருந்து? டி செல்களுக்குக் குறிப்பொருளைக் காட்டுவது, அழற்சிப் புரதங்களைச் சுரப்பது என்று பி செல்கள் செய்யும் பிற வேலைகள் நின்றுபோவதால் என்பது ஒரு விடை. 2008இல் வந்த ஓர் ஆய்வு வேறு கோணத்தைக் காட்டியது. மூட்டுறைச் சவ்வில் பிளாஸ்மா செல்கள் குறைந்தவர்களிடம் நோய் நன்கு தணிந்தது. இரத்தத்தை வடிகட்டியவர்கள் தோற்றதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: ஊற்று மூட்டிலேயே இருக்கும்போது வெளியே அள்ளிப் பயனில்லை. இதை நான் உறுதியாகச் சொல்லவில்லை. மறுக்க முடியாத அளவுக்கு இன்னும் சோதிக்கப்படவுமில்லை.

நோய் வருமுன் தடுப்பது அடுத்த முயற்சி. ஒரே ஒரு தடவை கொடுத்த ரிட்டுக்சிமாப் நோயின் வருகையை ஓராண்டளவு தள்ளிப்போட்டது. டி செல் தூண்டலைத் தடுக்கும் அபாடசெப்டை, மூட்டு வலி மட்டும் உள்ள 213 பேரிடம் ஓராண்டு சோதித்த பிரிட்டிஷ், டச்சு ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் மூட்டழற்சி கண்டவர்கள் மருந்துக் குழுவில் 6 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 29 சதவீதம். மருந்தை நிறுத்தி இன்னோர் ஆண்டு கழிந்தபோது அது 25க்கு 37 என்று நெருங்கிவிட்டது. தள்ளிப்போட முடிகிறது, அழிக்க முடியவில்லை.

எதிர்ப்பொருள் இல்லாதவர்கள்

நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை எந்தத் தன்னெதிர்ப்பொருளும் இல்லாதவர்கள். அவர்களுடைய மூட்டும் அழல்கிறது, டி.என்.எஃப். தடுப்பு மருந்து அவர்களுக்கும் கேட்கிறது. இது ஒரே நோயின் இரு முகமா, ஒரே தோற்றத்தில் வரும் இரு நோயா? மரபணுத் தொடர்பும் புகைத் தொடர்பும் வேறுபடுவதால் இரண்டாவது பக்கம் சாய்பவர்கள் கூடிவருகிறார்கள். ஆனால் நம் அளவுகோலே இதில் தலையிடுகிறது. 2010இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோய் அமைப்புகள் வகுத்த விதிகளில் பத்துக்கு ஆறு மதிப்பெண் பெற்றால் முடக்குவாதம். அதில் எதிர்ப்பொருள் மிகுதிக்கு மட்டும் மூன்று. எதிர்ப்பொருள் இல்லாதவர் அதே தகுதியை எட்ட அதிக மூட்டுகள் வீங்கியிருக்க வேண்டும். எதிர்ப்பொருளை வைத்து நோயை வரையறுத்துவிட்டு, நோய்க்கு எதிர்ப்பொருள் எவ்வளவு முக்கியம் என்று அளப்பது ஒரு வட்டம். ஆய்வறிக்கைகளைப் படிக்கும்போது இதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

சிக்குன்குனியாவுக்குப் பின் மாதக்கணக்கில் மூட்டு வீங்கியவர்கள் தமிழ்நாட்டில் பலர். வெளித்தோற்றத்தில் முடக்குவாதத்தையே ஒத்த அந்த நிலையில் பொதுவாகச் சிட்ருலின் எதிர்ப்பொருள் காணப்படுவதில்லை. அழன்ற மூட்டு எதிர்ப்பொருளைத் தானாகப் பிறப்பித்துவிடுவதில்லை என்பதற்கு அது நம் கண்முன் உள்ள சான்று.

இன்றைய நிலை

எதிர்ப்பொருள் வெறும் அடையாளம் என்ற பழைய மறுப்பு இனி நிற்காது. அது நோய்க்கு ஆண்டுகளுக்கு முன்னே வருகிறது, கடுமையை முன்னறிவிக்கிறது, மருந்தின் பலனைப் பிரித்துக் காட்டுகிறது, மருந்தைக் குறைக்கும்போது யாருக்கு நோய் திரும்பும் என்பதையும் ஓரளவு சொல்கிறது. அதுவே முழுக் காரணம் என்ற வாதமும் நிற்காது. முடக்குவாதத் தாய்மாரின் குழந்தைகளும், ஆண்டுக்கணக்கில் நோயின்றி எதிர்ப்பொருளைச் சுமப்பவர்களும் அதை மறுக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே, நோயின் தொடக்கத்தில் அதன் பங்கு ஒருவிதம், நிலைபெற்ற நோயில் வேறுவிதம் என்று பிரித்துப் பார்ப்பதே இப்போதுள்ள சான்றுகளுக்கு அதிகம் பொருந்துகிறது. நாள்பட்ட நோயில் மூட்டுறையின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் தாமே அழற்சியைச் சுமக்கப் பழகிவிடுவதாகத் தெரிகிறது. அந்தக் கட்டத்தில் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளைக் குறைப்பது பலன் தராமல் போவதில் வியப்பில்லை.

திறந்தே இருக்கும் கேள்விகள் மூன்றை மட்டும் சொல்லலாம். படியெடுத்துச் சரிபார்த்த மனித எதிர்ப்பொருள்களில் எவை எலும்பையும் வலியையும் பாதிக்கின்றன என்பதைப் பல ஆய்வகங்கள் தனித்தனியே உறுதிசெய்ய வேண்டும். ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருந்த மூட்டு ஒரு மாதத்தில் ஏன் மாறுகிறது என்பதை அறிய, நோய் வருமுன்பே அந்த மூட்டுறையிலிருந்து திசு எடுத்துப் பார்ப்பது தேவை. சில ஐரோப்பிய மையங்கள் இதைச் சிறு அளவில் செய்துவருகின்றன. ஆனால் திசுவை எப்படிப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம்: சவ்விலுள்ள செல்வகையைப் பார்த்து மருந்தைத் தேர்ந்த 2021இன் சோதனை, திசுப் பரிசோதனை வழியே பிரித்தபோது தெளிவான வேறுபாட்டைக் காட்டவில்லை. மரபணுச் செயல்பாட்டை வைத்துப் பிரித்தபோது காட்டியது. மூன்றாவது, பிளாஸ்மா செல்கள் வரை எல்லாவற்றையும் ஆழமாக அழிக்கும் செல் சிகிச்சைகள் இப்போது சில நோயாளிகளிடம் முயலப்படுகின்றன. அவற்றில் எதிர்ப்பொருள் இரத்தத்திலிருந்தும் மூட்டுறையிலிருந்தும் ஒருசேர மறைந்த பிறகும் மூட்டு அழலுமா என்பதை, இரண்டு இடங்களிலும் திசுவும் குருதியும் எடுத்து ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.